கவிழ்த்து வைத்த கப்

நடந்தது இது:

1. பிரான்சிஸின் தங்கைக்கு நினைவாற்றல் சோதனை செய்தேன்.
2. தங்கை வீட்டிலேயே டியூஷன் எடுப்பவர். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.
3. சில நாள் கழித்து, அதே சொற்பட்டியலை வைத்து பிரான்சிஸுக்குச் சோதனை செய்தேன்.
4. நான் அடுத்த சொல்லுக்கு வாய் திறப்பதற்குள் அவர் அதைச் சொல்லிவிட்டார்.
5. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவருடைய முதலாளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.
6. முதலாளி என்னிடம் ஒரு வரி எழுதித் தரச் சொன்னார்.
7. நான் எழுதித் தரவில்லை.

இந்த ஏழு வரிகள் கள அறிக்கைக்குப் போதும். ஆனால் ஆறாவது வரிக்கும் ஏழாவது வரிக்கும் நடுவில் ஒரு குடும்பமே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதை அறிக்கையில் எழுத இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்த மாதத்தோடு நான் ஆய்விலிருந்து விலகுகிறேன். கடலூரில் ஒரு பகல்நேர மையத்தில் வேலை கிடைத்திருக்கிறது. விருத்தாசலம் பகுதியை இனி நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். சோதனையை எப்படி நடத்துவது, ரத்தக் குழாயை ஐஸ் பெட்டியில் எப்படி வைப்பது, எந்தப் பஸ்ஸில் சென்னைக்கு அனுப்புவது எல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவது ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்த ஒரு முற்பகலைப் பற்றி.

முதலில் ஆய்வைப் பற்றி நாலு வரி. மனச்சிதைவு நோய் சில குடும்பங்களில் ஏன் அதிகம் வருகிறது என்பது நம் கேள்வி. நோயாளி, பெற்றோர், உடன்பிறந்தவர் எல்லோரிடமும் மரபணு ஆய்வுக்காக ரத்தம் எடுக்கிறோம். எல்லோருக்கும் கவனம், நினைவாற்றல் சோதனைகளும் செய்கிறோம். காதில் கேட்கும் குரல்களும் சந்தேகங்களும் மருந்தில் அடங்கிய பிறகும், பலருக்குக் கவனமும் நினைவும் முழுதாகத் திரும்புவதில்லை. நோயே இல்லாத உடன்பிறந்தவர்களிடம்கூட அந்தச் சிரமத்தின் மெல்லிய சாயல் சில சமயம் தெரிகிறது. அந்தச் சாயலைப் பின்தொடர்ந்தால் மரபணுக்களை நெருங்க முடியுமா என்று பார்ப்பதுதான் ஆய்வை நடத்தும் உளவியலாளரின் திட்டம். களத்தில் எல்லோரும் என்னை மேடம் என்பதால், அவரை நாங்கள் சென்னை மேடம் என்போம்.

பிரான்சிஸுக்கு முப்பது நெருங்குகிறது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள தெருவில் வீடு. அப்பா நல்லூர்ப் பக்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே அதிகம் இருப்பவர். ஒரு நாள் வந்து, பேசாமல் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். வீட்டில் இருப்பது அம்மா சகாயமேரி, தங்கை ஜெயராணி, பிரான்சிஸ்.

பிரான்சிஸ் ஒரு பீங்கான் யூனிட்டில் வார்ப்பு வேலை செய்தவர். பூச்சாடி அச்சுகளில் களிக்குழம்பை ஊற்றுவது, அச்சு ஈரத்தை உறிஞ்சிச் சுவர் பிடித்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்ப்பது, இதுதான் வேலை. நோய் வந்தது. அரசு மருத்துவமனையில் மாத ஊசி தொடங்கியது. குரல்கள் நின்றன. வேலைக்குத் திரும்பினார். ஒரு நாள் ஒரு வரிசைப் பூச்சாடி முழுவதும் கெட்டது. முதலாளி கமால் பாய், மங்கலம்பேட்டைக்காரர், வளைகுடாவில் சம்பாதித்த பணத்தைப் போட்டு யூனிட் நடத்துபவர். கத்தவில்லை. "மூளை சரியாயிடுச்சுன்னு ஆஸ்பத்திரிக்காரங்க யாராவது சொல்லட்டும். அன்னிக்கே கூப்புட்டுக்கறேன்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இந்த நிலையில்தான் நான் தோளில் பையோடு அந்த வீட்டுக்குப் போய், "நினைவாற்றலைச் சோதிக்க வந்திருக்கிறோம்" என்றேன். அவர்கள் இரண்டையும் எப்படி முடிச்சுப் போட்டிருப்பார்கள் என்று உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும்.

அன்று பிரான்சிஸ் ஊசி போட்டு வந்து படுத்திருந்தார். அதனால் தங்கையிடமிருந்து தொடங்கினேன். ஜெயராணி எதையும் கேட்காமல் செய்கிறவர் இல்லை. ரத்தம் எடுப்பதற்கு முன் கையை மடக்கிக்கொண்டார்.

"எனக்கும் வருமான்னு இதுல தெரிஞ்சுடுமா?"

"தெரியாதுங்க. ஒருத்தர் ரத்தத்த வெச்சு அப்புடிச் சொல்ல முடியாது. நெறைய குடும்பத்த ஒன்னா சேத்துப் பாத்தாதான் எதாவது தெரியும்."

"அப்ப எங்க வூட்டுக்கு என்னா பிரயோஜனம்?"

"இப்போதைக்கு ஒன்னும் இல்லீங்க."

"நீங்க ஒருத்தராவது நெசத்த சொல்றீங்களே. எங்க அண்ணன மாதிரி இன்னொரு வூட்லயும் ஒருத்தன் இருப்பான். குத்துங்க" என்று கையை நீட்டினார். பிறகு சொற்பட்டியல் சோதனை. நான் படிக்கப் படிக்க, உதடு அசையக் கேட்டார். நல்ல நினைவாற்றல். மிக நல்ல நினைவாற்றல்.

அடுத்து நான் போன நாளில் ஹாலைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள். பிரான்சிஸ் தலைவாரி, மாதா படத்துக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சோதனை நடக்கும் இடத்தில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்று சொன்னதும் அம்மா உடனே திரைச்சீலையை இழுத்துவிட்டார். வாசல் அறையில் விருந்தாளி இருப்பதைச் சொல்லவில்லை.

நான் படிக்கத் தொடங்கினேன். குடை, மாடு, சாவி, மழை. (உண்மையான சொற்கள் இவை அல்ல. அவற்றை இங்கே எழுதினால் இன்னொரு தங்கை படித்துவிடுவார்.) "ஊசி" என்றேன்.

"தேங்கா" என்றார் பிரான்சிஸ்.

அடுத்த சொல் அதுதான். நான் நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையைக் காற்றில் இடமிருந்து வலமாக நகர்த்தியபடி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். பாதி தாண்டியபோது அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரையை விலக்கி, "தம்பி, டீ குடிச்சிட்டு சொல்லுப்பா" என்று தம்ளரை நீட்டினார். பிரான்சிஸ் கண்ணைத் திறந்து டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார். "ம், சொல்லுங்க" என்றேன். சுவரைப் பார்த்தார். தம்ளரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, "குடை" என்று முதலிலிருந்து தொடங்கி, ஒரு சொல் விடாமல் கடைசிவரை சொல்லி முடித்தார்.

திரைக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது.

"மாஷா அல்லா! தங்கச்சி, நான் கேட்டுகினுதான் இருந்தேன். எனக்கே மூனு சொல்லுக்கு மேல நிக்கல. பையன் மூளை நல்லா இருக்குதுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. நாளைக்கே வேலைக்கு வரட்டும்."

மகன் தேறுவதைக் கண்ணால் பார்க்கட்டும் என்று அம்மாதான் கமால் பாயை அழைத்திருக்கிறார்.

அப்போது என் மனதில் ஓடியவற்றை இப்போது வரிசைப்படுத்தி எழுத முடிகிறது. அன்று அவை எல்லாம் ஒன்றாகவே வந்தன. எழுதிக் கொடுத்தால் அது பொய். அதோடு போகாது. நாளை இன்னொரு வரிசை கெட்டால், "ஆஸ்பத்திரியே சரின்னு சொல்லிச்சே, அப்ப இவன் வேணும்னுதான் கெடுக்கறான்" என்று ஆகிவிடும். நோய் என்ற காரணமும் அவரிடமிருந்து போய்விடும். மாறாக, "வீட்டில் சொல்லிக்கொடுத்துப் படித்திருக்கிறார்" என்றால் அது உண்மை. ஆனால் அதை முதலாளியிடம் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. சோதனையில் நடப்பது அவருக்கும் எனக்கும் இடையே மட்டும்.

"பாய், இது பரீட்சை இல்லீங்க. இதுல பாஸு ஃபெயிலு கெடையாது. இத வெச்சு ஒருத்தருக்கு வேலைக்கு எழுதித் தர முடியாது" என்றேன்.

"அப்ப என்னாத்துக்கும்மா இந்தப் பேஜாரு?" அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

சகாயமேரி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "ஒரு வரி எழுதுனா கை தேஞ்சா பூடும்?" என்றார். அடுத்த மூச்சிலேயே வாசல் பக்கம் திரும்பி, "பாய், டீ போட்டுட்டேன், குடிச்சிட்டுப் போங்க" என்றார். கோபம் என் மேல். வீட்டுக்கு வந்தவரை டீ கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. கமால் பாய் உட்கார்ந்தார். எனக்குக் கிடைத்தது அந்த டீ ஆறும் நேரம்.

திரையை மூடினேன். ஜெயராணி தானாகவே உள்ளே வந்தார்.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"டியூஷன் எடுக்கறவகிட்ட சிலபஸ குடுத்துட்டு, சொல்லிக் குடுக்காதன்னா எப்புடிங்க மேடம்? நீங்களும் வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லலியே." அவர் குரலில் குற்ற உணர்வு இல்லை. கோபம்தான் இருந்தது. "அவரு வூட்லயே ஒக்காந்து ஒக்காந்து மறுபடியும் சொணங்கிப் பூடுவாரு. அத நான் பாத்துட்டேன் ஒரு தடவ. இன்னொரு தடவ பாக்க என்னால ஆவாது."

பிரான்சிஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் பாஸா, மேடம்?"

"இதுல பாஸ் இல்லீங்க."

"அப்ப ஃபெயிலும் இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அன்று சிரித்த ஒரே ஆள் அவர்தான்.

அவர் சிரித்ததும் எனக்கும் மூச்சு வந்தது. சோதனை கெட்டுப்போனது உறுதி. ஆனால் கெட்டுப்போன சோதனையிலும் நான் கண்ணால் பார்த்தது ஒன்று இருந்தது. அதைக் கேட்டேன்.

"நடுவுல டீ வந்துச்சே, அப்ப என்ன ஆச்சு?"

"எடம் பூடுச்சு."

"எந்த எடம்?"

"எல்லாத்தையும் அச்சு வரிசையில வெச்சிருந்தேன் மேடம். மொத அச்சுல குடை. ரெண்டாவதுல மாடு. அப்புடியே நடந்து போனா தானா வரும். அம்மா கூப்புட்டாங்களா, திரும்பி வந்தா எந்த அச்சுகிட்ட நின்னேன்னு தெரியல. அதான் மொதல்லேருந்து வந்தேன்."

தங்கைக்கே இது புதிய செய்தி. அவர் பாட்டாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வரிசையில் அடுக்கிக்கொண்டது பிரான்சிஸின் சொந்த வேலை.

"பூச்சாடி கெட்ட அன்னிக்கும் யாராவது கூப்புட்டாங்களா?"

அவர் திரைப்பக்கம் தலையை அசைத்தார். "அவருதான். லாரி வந்துச்சு, எறக்க வான்னாரு."

நான் பின்வாசலுக்குப் போய் சென்னை மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அந்தச் சோதனை முடிவை நீக்கிவிட்டுக் காரணத்தை எழுதச் சொன்னார். அதில் விவாதமே இல்லை. முதலாளியிடம் இடம் தவறுவதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். "பேசச் சொல்லி அவர் கேட்டாரா?" என்றார். இல்லை என்றேன். "பின்னே?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

உள்ளே போய் பிரான்சிஸிடம் கேட்டேன். "டீ வந்தப்ப நடந்தத பாய்கிட்ட சொல்லலாமா? நான் சொல்லலாம், நீங்க சொல்லலாம், யாருமே சொல்லாமயும் இருக்கலாம். உங்க இஷ்டம்."

"சொல்லுங்க மேடம், சொல்..." என்று ஜெயராணி ஆரம்பித்தார். நான் பிரான்சிஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் அறையில் தம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவரோ அவசரமே இல்லாமல் யோசித்தார். இந்த வேலையில் மிகக் கடினமானது, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது. செய்து பாருங்கள்.

"நானே சொல்றன்" என்றார். திரையை விலக்கிக்கொண்டு போனார்.

"பாய், லாரி வந்தன்னிக்கு நீங்க கூப்புட்டீங்க. போயிட்டு வந்தேன். எடம் பூடுச்சு."

கமால் பாய்க்கு முகம் மாறியது. "அப்ப நான்தான் கெடுத்தேன்றியா?"

"இல்ல பாய். நீங்க கூப்புட்டதும் சரி, நான் வந்ததும் சரி. எடம் மட்டும் பூடுச்சு."

கமால் பாய் என் பக்கம் திரும்பினார். பிறகு எனக்குப் புரியும்படி அவரே விளக்கினார். வரிசையை ஒரே மூச்சில் ஊற்றினால், ஒரே மூச்சில் கவிழ்க்கலாம். நடுவில் நிறுத்தினால் முன்னால் ஊற்றியது முதலில் கெட்டியாகும், பின்னால் ஊற்றியது கொஞ்சம் கழித்துத்தான் ஆகும். எங்கே நிறுத்தினோம் என்பது தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கவிழ்த்தால் பாதி சாடி சுவர் மெலிந்து சரிந்துவிடும். "அதான் ஆச்சு அன்னிக்கு. நான் என்னமோ பழையபடி புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, "வந்து ஒரு தடவ ஊத்திக் காட்டட்டும். சூளப் பக்கம் மட்டும் விட மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார்.

மருத்துவரிடம் பிரான்சிஸே கேட்டு அனுமதி வாங்கினார். யூனிட்டுக்கு என்னையும் வரச் சொன்னதால் போனேன். அச்சுகள் நீளப் பலகையில் வெள்ளையாக வரிசை கட்டி நின்றன. நிறுத்தும் இடத்தில் ஏதாவது அடையாளம் வைத்தால் என்ன என்று கேட்டு, என் பையிலிருந்து ஒரு வண்ண அட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஈரக்களியில் அது உடனே ஊறிச் சுருண்டுவிட்டது. பிரான்சிஸ் சுற்றிப் பார்த்து, சூளையில் கோணிப்போய் ஒதுக்கியிருந்த கப் ஒன்றை எடுத்து வந்து பலகை ஓரத்தில் வைத்துக்கொண்டார். கூப்பிட்டால், கடைசியாக ஊற்றிய அச்சுக்குப் பக்கத்தில் கப்பைக் கவிழ்க்க வேண்டும். கப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். அவ்வளவுதான் ஏற்பாடு.

கமால் பாய் சோதனையை என்னைவிட உற்சாகமாக நடத்தினார். ஊற்ற ஆரம்பித்ததும், "ஏய் பிரான்சிஸு, இங்க வா!" என்று கத்தினார். பிரான்சிஸ் அப்படியே ஓடினார். கப் ஓரத்திலேயே இருந்தது.

"கப்பு எங்கடா?" என்று பக்கத்துப் பலகைக்காரர் சிரித்தார்.

"கப்பு அங்கயே இருக்குது, நான்தான் வந்துட்டேன்" என்றார் பிரான்சிஸ். ஆனால் முகம் சுருங்கிவிட்டது. அங்கேயே விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. திரும்பிப் போய் அடுத்ததை ஊற்றினார். பாய் மறுபடி கூப்பிட்டார். பிரான்சிஸ் ஓர் அடி வைத்தார், நின்றார், திரும்பினார், கப்பைக் கவிழ்த்தார். பிறகு நடந்து வந்து, "சொல்லுங்க பாய்" என்றார்.

"ஒன்னும் இல்ல. சும்மாதான் கூப்புட்டேன்."

"சும்மா கூப்புட்டா சாடி காயும் பாய்."

பலகைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள், பாயும் சேர்ந்து. "ஒரு மாசம் பாக்கறேன்" என்றார்.

அந்த மாதம் முழுக்க நன்றாகப் போனதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாடு கொண்டுபோன அம்மாவைப் பார்த்ததும் கப்பை மறந்து போன நாள் உண்டு. சில சாடிகள் சரிந்தன. ஆனால் ஏன் சரிந்தன என்பது இப்போது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் யாரும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. சகாயமேரி மறுபடி என்னோடு பேசப் பல வாரம் ஆனது. அதுவும் முதலில், "சாப்பிட்டியா?" என்ற அளவுக்குத்தான்.

உங்களுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். நாம் சோதனைத் தாளோடு ஒரு வீட்டுக்குள் நுழையும்போது, அந்த வீட்டுக்கு வேறு ஒரு பரீட்சை ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கலாம். அது என்ன என்று முதலிலேயே கேளுங்கள். யாராவது உங்களிடம் ஒரு வரி எழுதித் தரக் கேட்டால், அது யாருக்கு எதிராகத் திரும்பும் என்று யோசியுங்கள். கெட்டுப்போன சோதனையை ஆய்வில் சேர்க்காதீர்கள். ஆனால் அது நடந்தபோது நீங்கள் பார்த்ததை மறந்துவிடாதீர்கள். அதைச் சொல்லலாமா என்பதை மட்டும் உரியவரிடம் கேளுங்கள்.

இப்போதைய நிலை: சொற்பட்டியலுக்கு வேறு வடிவங்கள் தயாராகிவிட்டன, ஒரே வீட்டில் ஒன்றை இரண்டு பேருக்குப் படிக்காதீர்கள். ஜெயராணியிடம் டியூஷன் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அந்தக் குடும்பத்தின் ரத்தம் மற்ற ஊர்களின் மாதிரிகளோடு சென்னையில் இருக்கிறது. மரபணுவில் உறுதியாகச் சொல்லும்படி இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை, வேலை நடக்கிறது. பிரான்சிஸின் நினைவாற்றல் சோதனைக்கான கட்டம் காலியாக இருக்கிறது. காரணம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

விடைபெற்று வருவதற்காக நேற்று யூனிட்டுக்குப் போனேன். பலகையில் பாதி அச்சுகள் நிரம்பியிருந்தன. நடுவில் கோணல் கப் கவிழ்ந்திருந்தது. பிரான்சிஸ் டீ குடிக்கப் போயிருந்தார்.